பாரிசில் கைக்கு அடக்கமான விலையில் அசல் பிரெஞ்சுச் சாப்பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாரிசுக்கு வந்த புதிதில் பதினோராம் வட்டாரத்தில் பிஸ்ட்ரோ எனப்படும் சிறு உணவகம் ஒன்றின் பின்கட்டில் கோப்பை கழுவினேன். பிறகு அதே குசினியில் மரக்கறி வெட்டி, வெங்காயம் உரித்து, ஒருவழியாக அடுப்புக்கு முன்னால் நிற்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தேன். அதனால்தானோ என்னவோ, லண்டனிலிருந்தும் டொராண்டோவிலிருந்தும் சென்னையிலிருந்தும் வருகிற உறவினர்களும் அவர்களுடைய நண்பர்களும், ஈபிள் கோபுரத்துக்கு எந்த ரயிலில் போவது என்று கேட்பதற்கு முன்பே சாப்பாட்டைப் பற்றித்தான் என்னிடம் கேட்கிறார்கள். ஒரே ஐயத்துக்குத் தொலைபேசியில் பத்துத் தடவை பதில் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன். விலைகளெல்லாம் தோராயமானவை, ஓரிரு யூரோ கூடக் குறைய இருக்கலாம்.

அண்ணா, பாரிசில் பிரெஞ்சுச் சாப்பாடு என்றாலே கையைக் கடிக்கும் என்கிறார்களே, ஆளுக்கு எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும்?

எந்தக் கடைக்குப் போகிறீர்கள் என்பதைவிட எத்தனை மணிக்குப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தே செலவு கூடும், குறையும். வேலைநாளின் மதிய வேளையில், சாதாரண அக்கம்பக்கத்து பிஸ்ட்ரோவில் முன்னுணவும் முக்கிய உணவுமாகவோ, முக்கிய உணவும் இனிப்புமாகவோ இரண்டு தட்டுகள் 18 முதல் 25 யூரோவுக்குள் கிடைக்கும். அதே கடைக்கு இரவு எட்டு மணிக்குப் போனால், வைன் இல்லாமலே 35 முதல் 45 யூரோ வரை வந்து நிற்கும். சமைப்பவரும் அதே ஆள், அடுப்பும் அதே அடுப்பு.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம், மதியம் வருபவர்களில் பெரும்பாலோர் அருகிலுள்ள அலுவலக ஊழியர்கள் என்பதுதான். பிரான்சில் பல நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்குச் சம்பளத்தோடு உணவுச் சீட்டு கொடுக்கின்றன; அதில் ஒரு பகுதியை முதலாளி ஏற்றுக்கொள்கிறார். அந்தச் சீட்டில் நாளொன்றுக்கு 25 யூரோ வரை செலவழிக்கலாம். நாள்தோறும் வருகிற அந்த வாடிக்கையாளரை இழக்கக் கூடாது என்பதால், உணவகக்காரர் மதிய விலையை அந்த எல்லைக்குள் நிறுத்தப் பார்க்கிறார். ஆகவே நான் எல்லோருக்கும் சொல்கிற முதல் யோசனை, பெரிய சாப்பாட்டை மதியத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இரவில் பாணும் (ரொட்டி) சீஸும் வாங்கி அறையில் சாப்பிடுங்கள் என்பதுதான். இரவில் உட்கார்ந்து சாப்பிட்டே ஆக வேண்டுமென்றால் புய்யோன் இருக்கிறது. அதைப் பற்றிக் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன்.

பிஸ்ட்ரோ, பிராசரி, புய்யோன், கஃபே என்று பெயர்ப்பலகை ஒவ்வொன்றாக இருக்கிறது. எல்லாம் ஒன்றுதானே?

இன்று இந்தப் பெயர்களை யாரும் கண்டிப்பாகப் பின்பற்றுவதில்லை. எனினும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிறப்பு உண்டு, அதைத் தெரிந்துகொண்டால் உள்ளே என்ன கிடைக்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம். பிஸ்ட்ரோ என்பது சிறிய இடம், சில மேசைகள், குறைவான உணவு வகைகள், வீட்டுச் சமையலின் சாயல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடுப் பிரான்சின் ஒவேர்ன் மலைப்பகுதியிலிருந்து பிழைப்புத் தேடிப் பாரிசுக்கு வந்தவர்கள் ஒரே கடையில் கரியும் வைனும் விற்றார்கள். பாரிசின் பல பிஸ்ட்ரோக்களும் கஃபேக்களும் அந்தக் கரிக்கடைகளின் வழிவந்தவை. ரஷ்யப் படைவீரர்கள் 1814இல் “சீக்கிரம்” என்று தம் மொழியில் கத்தியதால் பிஸ்ட்ரோ என்ற பெயர் வந்தது என்று வழிகாட்டிகள் சுவையாகச் சொல்வார்கள். அந்தச் சொல் எழுத்தில் தென்படுவதோ அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்துத்தான், எனவே அதைக் கதையாகக் கேட்டுக்கொள்வதே நல்லது.

பிராசரி என்றால் பியர் வடிக்கும் இடம். அல்சாஸ் பகுதிக்காரர்கள் கொண்டுவந்தது. 1871இல் அல்சாஸ் ஜெர்மனியின் கைக்குப் போன பிறகு பலர் பாரிசுக்குக் குடிபெயர்ந்ததால் இவை பெருகின. பெரிய கூடம், நீண்ட நேரம் திறந்திருக்கும், புளிக்கவைத்த முட்டைக்கோசும் பன்றி இறைச்சியும் சேர்ந்த சுக்ரூத்தும் சிப்பியும் கிடைக்கும், விலையும் கொஞ்சம் உயரத்தில் இருக்கும். கஃபேயில் காப்பி குடியுங்கள். அங்கே சாப்பாடு தற்செயலாக நன்றாக இருந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம்.

அந்தப் புய்யோன் என்பது என்ன? சூப் கடையா?

தொடக்கத்தில் அப்படித்தான். டுவால் என்ற இறைச்சிக் கடைக்காரர் 1855இல், நல்ல துண்டுகளை விற்ற பிறகு மீந்த இறைச்சியைக் கொண்டு சாறு வைத்து, பாரிசின் மத்தியச் சந்தைத் தொழிலாளர்களுக்கு மலிவு விலையில் கொடுத்தார். புய்யோன் என்ற சொல்லுக்கே இறைச்சிச் சாறு என்பதுதான் பொருள். இதிலே ஒரு வேடிக்கை உண்டு. ‘ரெஸ்டாரண்ட்’ என்ற சொல்லும் பதினெட்டாம் நூற்றாண்டுப் பாரிசில், உடம்பைத் தேற்றும் சாற்றுக்கு வழங்கிய பெயர். சாற்றின் பெயர் பிறகு அதை விற்ற இடத்துக்கு ஆகிவந்தது. ஆக, புய்யோனில் சாப்பிடுகிறவர் உணவகம் என்பதன் மூலத்துக்கே போய்வருகிறார் என்று சொன்னால் மிகையில்லை.

1900ஆம் ஆண்டளவில் நகரெங்கும் இருந்த புய்யோன்கள் பிறகு ஏறக்குறைய மறைந்துபோயின. விடாமல் நின்றவற்றுள் பெயர்பெற்றது, ஒன்பதாம் வட்டாரத்தின் ஃபோபூர் மோன்மார்த்ர் தெருவில் 1896இல் தொடங்கிய சார்த்தியே. தெருவிலிருந்து ஒரு முற்றத்தின் வழியாக உள்ளே போக வேண்டும். கண்ணாடிக் கூரை, சுவரெங்கும் நிலைக்கண்ணாடி, மேசைகளுக்கு மேலே பழைய ரயில் பெட்டியில் பெட்டி வைப்பது போன்ற பித்தளைத் தட்டுகள். சுவரோரத்தில் எண் போட்ட சிறு இழுப்பறைகளைப் பார்ப்பீர்கள். அந்தக் காலத்து வாடிக்கையாளர்கள் சாப்பிடும்போது வாய் துடைக்கும் தங்கள் துணியை அதில் வைத்துவிட்டுப் போய், மறுநாள் வந்து எடுத்துக்கொள்வார்களாம். முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேசையில் உட்கார வைப்பார்கள். அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கறுப்பு இடுப்புச் சட்டையும் நீண்ட வெள்ளை ஏப்ரனும் அணிந்த பரிசாரகர், நீங்கள் கேட்டதை மேசைமேல் விரித்த காகிதத்திலேயே கிறுக்கிக்கொள்வார். கடைசியில் அதே காகிதத்தில், உங்கள் பாண் துகள்களுக்கு நடுவே, கூட்டிக் கணக்குச் சொல்வார். முன்பதிவு கிடையாது, வரிசையில் நிற்க வேண்டும், ஆனால் வரிசை வேகமாக நகரும்.

2017இல் திறந்த புய்யோன் பிகாலும் 2021இல் வந்த புய்யோன் ரெபுப்லிக்கும் இந்த மரபை மறுபடியும் கிளப்பிவிட்டன. மூன்று தட்டுகள் சாப்பிட்டு ஆளுக்கு 20 யூரோவையொட்டி முடித்துக்கொள்ளலாம். சமையல் பிரமாதம் என்று நான் சொல்லமாட்டேன். நூற்றுக்கணக்கான பேருக்கு ஒரே சமயத்தில் ஆக்குகிற சாப்பாட்டில் நுணுக்கத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆனால் அந்த விலைக்கு அது நேர்மையான சாப்பாடு, பாரிஸ்காரர்களும் தாமே வந்து சாப்பிடுகிறார்கள்.

வாசலில் நின்று பார்த்தே நல்ல கடையா ஏமாற்றுக் கடையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

உணவுப் பட்டியலையும் விலையையும் வெளியே வைக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். எனவே உள்ளே நுழையாமலே படித்துவிடலாம், அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. முதலில் எண்ணிக்கையைப் பாருங்கள். முன்னுணவு நாலு, முக்கிய உணவு ஐந்து, இனிப்பு நாலு என்று ஒரு கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதியிருந்தால் நம்பிப் போகலாம். வெங்காய சூப், பாயெல்லா, பீட்சா, கூஸ்கூஸ், பர்கர் என்று நாற்பது வகை அச்சடித்து ஒவ்வொன்றுக்கும் நிழற்படமும் போட்டிருந்தால் சற்றே கணக்குப் போடுங்கள். சிறு பிஸ்ட்ரோவின் குசினியில் இரண்டு பேர் நிற்பதே இடைஞ்சல், அடுப்பு நாலோ ஆறோ. அதில் நாற்பது வகையை அன்றன்றைக்குச் சமைக்க மனிதரால் ஆகாது. அவை உறைபெட்டியிலிருந்து மைக்ரோவேவுக்குப் போய்த்தான் உங்கள் மேசைக்கு வரும்.

பட்டியலில் பருவம் தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். வசந்தத்தில் அஸ்பராகஸ், இலையுதிர் காலத்தில் காளானும் பூசணியும், குளிரில் பொத்தோஃபே என்கிற வேகவைத்த மாட்டிறைச்சி என்று ஓடினால் சந்தைக்குப் போய் வருகிற ஆள் உள்ளே இருக்கிறார். டிசம்பரில் அஸ்பராகஸ் தென்பட்டால் நான் நடையைக் கட்டிவிடுவேன். எனக்கு மிகவும் பிடித்த அடையாளம் இன்னொன்று உண்டு. மதியம் ஒன்றேகால் மணியளவில் பரிசாரகர் வெளியே வந்து, ஈர விரலால் கரும்பலகையில் ஒரு வரியை அழித்துவிட்டுப் போவார். சட்டி காலியாகிவிட்டது என்று பொருள். சட்டி காலியாகிற கடையில் சட்டியில் சமைக்கிறார்கள்.

வாசலில் நின்று கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைப்பவர் இருந்தால் போக வேண்டாம். பல மொழிகளில் பட்டியல் இருப்பது மட்டும் குற்றமில்லை. சுற்றுலா நகரத்தில் அதுவும் மரியாதைதான். ஒருமுறை, புகழ்பெற்ற சதுக்கம் ஒன்றின் ஓரத்தில், மழைக்கு ஒதுங்கிய அவசரத்தில் என் பெரியம்மாவைக் கண்ணில் பட்ட கடைக்குள் கூட்டிப்போனேன். வெங்காய சூப்பின் மேலிருந்த சீஸ் உருகக்கூட இல்லை, அடியில் வெதுவெதுப்பாக உப்புத் தண்ணீர். பெரியம்மா இரண்டு கரண்டி குடித்துவிட்டு, “இதுக்கோ தம்பி நீ இவ்வளவு காலம் படிச்சனீ?” என்று கேட்டார். அன்றிலிருந்து குடை எடுக்காமல் விருந்தினரைக் கூட்டிப்போவதில்லை.

மெனு கேட்டால் பட்டியல் தராமல் என்னென்னவோ கொண்டுவந்து வைத்துவிட்டார்கள், ஏன்?

பிரெஞ்சில் மெனு என்றால், நிர்ணயித்த ஒரே விலைக்கு முன்னுணவு முதல் இனிப்பு வரை வருகிற முழுச் சாப்பாடு. நம் ஊரில் அளவுச் சாப்பாடு என்று சொல்வதற்குப் பக்கத்தில் வரும். பட்டியல் வேண்டுமானால் ‘கார்த்’ என்று கேட்க வேண்டும். இரண்டு தட்டு மட்டும் வருகிற மலிவான ஏற்பாட்டுக்கு ‘ஃபொர்முல்’ என்று பெயர். அன்றைய சமையல் ‘ப்ளா து ஜூர்’. பணத்தை மிச்சப்படுத்த நினைப்பவர் மனப்பாடம் செய்ய வேண்டியவை இந்தக் கடைசி இரண்டு சொற்கள்தாம். தனித்தனியாகப் பட்டியலிலிருந்து எடுத்தால் அதே உணவுக்குக் கூடுதலாகக் கொடுப்பீர்கள்.

கனடா, அமெரிக்க உறவினர்களுக்கு இன்னொரு குழப்பம் வரும். அவர்கள் ஊரில் ‘ஆந்த்ரே’ என்றால் முக்கிய உணவு. இங்கே அது முன்னுணவு. பெயரைப் பார்த்து ஆந்த்ரே மட்டும் சொல்லிவிட்டு, மூன்று முட்டைப் பாதிகளோடு பசியில் உட்கார்ந்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்று மணிக்குப் போனால் குசினி மூடிவிட்டது என்கிறார்கள். இது என்ன ஊர்?

இந்த ஊர் அப்படித்தான். மதியம் 12 முதல் 2 அல்லது 2.30 வரை, இரவு 7.30 முதல் 10 வரை. இடையில் சமையற்காரர் ஓய்வெடுக்கிறார் அல்லது இரவுக்கு வேண்டியதை வெட்டிக்கொண்டிருக்கிறார். நாள் முழுவதும் சமைத்துத் தரும் என்று எழுதிய கடைகள் பெரும்பாலும் பிராசரிகளும் புய்யோன்களும்தாம். சிறு பிஸ்ட்ரோக்களில் பல ஞாயிறும் திங்களும் பூட்டியிருக்கும், மதியம் 12.15க்குப் போய்விட்டால் முன்பதிவு இல்லாமலும் இடம் கிடைக்கும், 1 மணிக்குப் போனால் கிடைப்பது அரிது.

தண்ணீருக்கும் பாணுக்கும் காசு கேட்பார்களா? டிப்ஸ் எவ்வளவு வைக்க வேண்டும்?

சாப்பாட்டோடு வருகிற பாணுக்கும் குழாய்த் தண்ணீருக்கும் காசு கிடையாது. ஆனால் வெறுமனே தண்ணீர் என்று கேட்டால், வாயு உள்ளதா இல்லாததா என்று பரிசாரகர் திருப்பிக் கேட்பார். எதைச் சொன்னாலும் போத்தல் வந்துவிடும், ஐந்தாறு யூரோ போய்விடும். ‘யுன் கராஃப் தோ’ என்று கேளுங்கள், குவளையில் குழாய்த் தண்ணீர் வரும். பாண் தீர்ந்தால் இன்னும் கேட்கலாம். தட்டில் மிஞ்சிய குழம்பைப் பாணால் துடைத்துச் சாப்பிடுவதைப் பெரிய இடங்களில் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். பிஸ்ட்ரோவில் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார்கள்.

பட்டியலில் போட்ட விலைக்குள் வரியும் சேவைக் கட்டணமும் அடக்கம். உணவுக்கு 10 விழுக்காடும் மதுவுக்கு 20 விழுக்காடும் வரி என்று கணக்குச் சீட்டில் பிரித்துக் காட்டியிருப்பார்கள். அது மேலே கூட்டுவதல்ல. நன்றாகக் கவனித்தார் என்று தோன்றினால் ஒன்றிரண்டு யூரோ வைத்துவிட்டு வரலாம், வைக்காவிட்டால் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். சுற்றுலா இடங்களில் அட்டை இயந்திரம் டிப்ஸுக்கு 10, 15 விழுக்காடு என்று தானாகக் கேட்கிற பழக்கம் இப்போது வந்திருக்கிறது. வேண்டாம் என்ற பொத்தானை அழுத்த உங்களுக்கு முழு உரிமை உண்டு.

எதை எடுத்தால் ஏமாறமாட்டோம்? பெயர்கள் ஒன்றும் விளங்கவில்லையே.

முன்னுணவில் முட்டை மயோனைஸைக் கேளுங்கள். வேகவைத்த முட்டையை இரண்டாகப் பிளந்து, மேலே மயோனைஸ் ஊற்றி வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். விலை மிகக் குறைவு, ஆனால் கடையின் குணம் முழுவதும் அதில் தெரிந்துவிடும். போத்தலில் வாங்கிய மயோனைஸ் சுண்ணாம்பு வெள்ளையாக, லேசாக இனிக்கும். மஞ்சள் கருவையும் கடுகு விழுதையும் எண்ணெயையும் கையால் அடித்துக் கூட்டியது வெளிர் மஞ்சளாக, முட்டையின் முதுகை மூடிக்கொண்டு வழியாமல் நிற்கும். கடுகு மூக்கில் மெல்ல ஏறும். இந்த எளிய உணவைக் காப்பாற்றுவதற்கென்றே பிரான்சில் ஒரு சங்கம் இருக்கிறது, போட்டிகூட நடத்துகிறது. சிரிப்பதற்கில்லை, அதைச் சரியாகச் செய்கிறவர்கள் குறைவு.

முக்கிய உணவில் நெடுநேரம் வெந்தவற்றை எடுங்கள். பூஃப் பூர்கிஞ்ஞோன் என்பது சிவப்பு வைனில் வெந்த மாட்டிறைச்சி. பிளாங்கெத் என்பது இளங்கன்றின் இறைச்சியை வறுக்காமல் வேகவைத்து, வெள்ளைக் குழம்பில் சோற்றோடு கொடுப்பது. வாத்துக் கால் கோன்ஃபி (வாத்துக் கொழுப்பிலேயே மெல்ல வெந்தது), உப்பிட்ட பன்றி இறைச்சியோடு பருப்பு என்று மற்றவையும் உண்டு. மீன்குழம்பு மறுநாள் ருசிப்பது போலவே இந்தக் குழம்புகளும் ஒருநாள் பழகினால் நன்றாக இருக்கும். ஆகையால் சிறிய கடையிலும் கெடுவதற்கு வாய்ப்புக் குறைவு, மலிவான இறைச்சித் துண்டுகளில் செய்வதால் விலையும் அடங்கும். மாட்டு ஸ்டேக் கேட்பதானால் ‘ஆ புவேன்’ என்பது நடுத்தரம் என்று நம்பிவிடாதீர்கள், உள்ளே நன்றாகவே சிவந்திருக்கும். முழுவதும் வெந்தது வேண்டுமென்றால் ‘பியேன் க்யுயி’ என்று அழுத்திச் சொல்லுங்கள். தார்த்தார் என்றால் பச்சை மாட்டிறைச்சி. ஆந்துயேத் என்றால் பன்றிக் குடலை அடைத்த தொத்திறைச்சி, வாசனை மேசைக்கு முன்பே வந்து சேரும். குடல்கறி பிடித்தவர்களுக்கே அது பழகுவதற்கு நாள் ஆகும்.

இனிப்பில் கிரேம் கரமெல், பால்சோறு, மிதக்கும் தீவு எனப்படும் முட்டை வெள்ளை நுரை ஆகியவை மலிவு. இவற்றில் எங்கள் அம்மாவுக்குப் பிடித்தது பால்சோறுதான், காரணம் சொல்லத் தேவையில்லை.

நாங்கள் மாடும் பன்றியும் தொடமாட்டோம், அம்மா சுத்த சைவம். பிரெஞ்சுக் கடைக்குப் போக முடியுமா?

மாடும் பன்றியும் வேண்டாம் என்பவர்களுக்குக் கஷ்டமில்லை. பொரித்த கோழி, வாத்துக் கோன்ஃபி, முயல், மீன் வகைகள் எங்கும் உண்டு. ஆனால் பன்றி ‘லார்தோன்’ என்ற சிறு துண்டுகளாகச் சாலட்டிலும் பருப்பிலும் கோழிக் குழம்பிலும்கூட ஒளிந்திருக்கும் என்பதால் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும். ‘வோ’ என்றால் கன்றிறைச்சி. மாடு இல்லை என்று நினைத்து எடுத்தவர்கள் உண்டு.

சுத்த சைவத்துக்குத்தான் யோசிக்க வேண்டும். மரபான பிரெஞ்சுச் சமையலில் மரக்கறி என்பது இறைச்சிக்குத் துணை. வெங்காய சூப்பில் பெரும்பாலும் மாட்டிறைச்சிச் சாறு இருக்கும், சீஸ் பலவற்றில் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த, பாலை உறையவைக்கும் ரெனெட் சேர்ந்திருக்கும். முட்டை சாப்பிடுபவரானால் ஆம்லெட், வினிகர் சாற்றில் லீக்ஸ், ஆட்டுப்பால் சீஸ் சாலட், உருளைக்கிழங்கு கிராத்தேன் என்று ஒப்பேற்றலாம். முட்டையும் தொடாதவரை மரபான பிஸ்ட்ரோவுக்குக் கூட்டிப்போய்ப் பச்சை இலையைக் கொடுத்து உட்கார வைப்பது அவருக்கும் சங்கடம், சமையற்காரருக்கும் சங்கடம். அவருக்குத் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல் பகுதியில் தோசை வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

“வீட்டில் செய்தது” என்று ஒரு சின்னம் போட்டிருக்கிறார்களே, அதை நம்பலாமா?

கூரை போட்ட சட்டி போன்ற அந்தச் சின்னத்துக்கு ‘ஃபே மேசோன்’ என்று பெயர், 2014 முதல் சட்டத்தில் இருக்கிறது. பச்சைப் பொருளை வாங்கி அந்தக் கடையிலேயே சமைத்தால்தான் போடலாம். ஆனால் பச்சைப் பொருள் உறைய வைத்ததாக இருக்கலாம், வெட்டியே வாங்கலாம். பாண், சீஸ், அடுக்கு மாவு போன்றவற்றை வெளியில் வாங்கவும் இடமுண்டு. ஆக, அது பொய்யில்லை, ஆனால் காலையில் சந்தைக்குப் போனார் என்பதற்கும் அது சான்று ஆகாது. சிறந்த கடைகள் சில, படிவம் நிரப்பச் சோம்பற்பட்டோ கௌரவத்துக்கோ எந்தச் சின்னமும் போடுவதில்லை. மேலே சொன்ன கரும்பலகைச் சோதனையோடு சேர்த்துப் பார்த்தால் இந்தச் சின்னம் உதவும்.

மிஷ்லான் உணவக வழிகாட்டிப் புத்தகத்தையும் இணைய மதிப்பெண்ணையும் பார்த்துப் போகலாமா?

மிஷ்லானில் நட்சத்திரத்தை விட்டுவிட்டு ‘பிப் குர்மான்’ பட்டியலைப் பாருங்கள். நல்ல சமையலை மிதமான விலையில் தருபவர்களுக்கென்று 1997 முதல் கொடுக்கிறார்கள். ஆனால் அதில் வருபவை பல நவீனச் சமையல், பிளாங்கெத் தேடுபவருக்குச் சரிவராது. இணைய மதிப்பெண்ணில் எண்ணைவிட, பிரெஞ்சில் எழுதியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதை மொழிபெயர்ப்புச் செயலியில் படித்துப் பாருங்கள்.

எந்தப் பகுதியில் தேட வேண்டும்? ஒரு பெயராவது சொல்லுங்களேன்.

பாரிஸ் 20 வட்டாரங்களாகப் பிரிந்திருக்கிறது. முகவரியின் அஞ்சல் எண்ணில் கடைசி இரண்டு இலக்கம் வட்டாரத்தைக் காட்டும். 75011 என்றால் பதினொன்று. பார்க்க வேண்டிய இடங்கள் குறைவாகவும் வேலைசெய்பவர்கள் நிறையவும் உள்ள 10, 11, 12, 14, 15ஆம் வட்டாரங்களில் மதியச் சாப்பாடு நன்றாக அமையும். மோன்மார்த்ர் உச்சியில் ஓவியர்கள் உட்காரும் தெர்த்ர் சதுக்கத்திலும் இலத்தீன் குடியிருப்பின் யுஷேத் தெருவிலும் படம் எடுத்துக்கொண்டு, பத்து நிமிடம் நடந்து வெளியே வந்து சாப்பிடுங்கள்.

விதிவிலக்கும் உண்டு. லுக்சம்பூர் தோட்டத்துக்குப் பக்கத்தில் 1845 முதல் இருக்கிற பொலிதோர், சுற்றுலாப் பயணிகள் நிறைந்த இடத்தில் இருந்தும் பழைய முகத்தை விடவில்லை. என்னிடம் பெயர் கேட்பவர்களுக்கு நான் பெரும்பாலும் சொல்வது பத்தாம் வட்டாரத்தின் புய்யோன் ஜூலியன். 1906ஆம் ஆண்டின் கண்ணாடி ஓவியங்களும் பூவேலைச் சுவர்களும் அப்படியே இருக்கின்றன, பெருவிலை உணவகமாகப் பல காலம் இருந்துவிட்டு 2018இல் மறுபடியும் புய்யோன் விலைக்கு இறங்கி வந்தது.

எங்களுக்குப் பிரெஞ்சு தெரியாது. பரிசாரகர்கள் எரிந்து விழுவார்கள் என்கிறார்களே?

உள்ளே நுழைந்ததும், கண்ணைப் பார்த்து ‘போன்ஜூர்’ சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் நேராக மேசையில் போய் உட்காருவது, நம் வீட்டுக்கு வந்தவர் வாங்கோ என்பதற்கு முன் சாய்மனைக் கதிரையில் சாய்வது போன்றது. எரிச்சலில் பாதி இதனால் வருவதுதான். கணக்குச் சீட்டு தானாக வராது. கேட்காமல் நீட்டுவது எழுந்து போகச் சொல்வதாகும் என்று அவர்கள் கருதுகிறார்கள். ஆகவே காத்திருந்து கோபப்பட வேண்டாம், ‘லதிசியோன்’ என்று நீங்களே கேளுங்கள்.

குசினியில் நம்மவர்கள்தானே சமைக்கிறார்கள், பிறகு அது எப்படி அசல் பிரெஞ்சுச் சாப்பாடு?

சிரித்துக்கொண்டே கேட்பார்கள், ஆனால் கேட்காதவர்கள் குறைவு. உண்மைதான்: பாரிசின் பல உணவகங்களில் கோப்பை கழுவுவதிலிருந்து அடுப்பு வரை இலங்கைத் தமிழர்கள் நிற்கிறார்கள், மாலியிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வந்தவர்களும் நிற்கிறார்கள். பிஸ்ட்ரோவையும் பிராசரியையும் உண்டாக்கியவர்களே வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்கள் என்று இரண்டாவது கேள்வியில் எழுதியிருக்கிறேன். அடுப்பில் நிற்பவரின் ஊரை வைத்துச் சாப்பாட்டின் ஊரைத் தீர்மானிப்பதாக இருந்தால் பாரிசில் பிரெஞ்சுச் சாப்பாடே இராது.

எனக்குப் பிளாங்கெத் கற்றுக்கொடுத்த தலைமைச் சமையற்காரர், முதல் மாதம் முழுவதும் கரண்டியை என் வாயருகே நீட்டி, என்ன குறைகிறது என்று கேட்பார். நான் மிளகாய் என்று நினைப்பேன், எலுமிச்சை என்று அவர் சொல்வார். குழம்பு நிறம் மாறாமல் வெள்ளையாக இருக்க வேண்டும், கொதிக்கக் கூடாது, முட்டைக் கருவும் கிரீமும் கடைசியில்தான் சேர வேண்டும். அதைப் பிசகாமல் செய்கிற கை எந்த ஊர்க் கையாக இருந்தாலும் அது பிளாங்கெத்தான். பதினொன்றரை மணிக்கு ஊழியர்கள் சாப்பிடுகிற சட்டியில் கோழிக்கறி கொதித்தது வேறு விஷயம். அதில் இரண்டாம் தடவை போட்டுக்கொண்டவரும் அந்தத் தலைமைச் சமையற்காரர்தான். நாங்கள் குசினி என்பது போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல், பிரெஞ்சுக்காரர் குயிசீன் என்பதும் அதே இலத்தீன் வேரிலிருந்து வந்தது. சொல்லளவிலாவது நாங்கள் முன்பே உறவினர்கள்.

பிள்ளையார் தேருக்கு வருகிறோம், எட்டுப் பேர், பிள்ளைகளும் உண்டு. எங்கே போகலாம்?

பாரிசின் மாணிக்க விநாயகர் ஆலயத் தேர் ஆகஸ்ட் கடைசியை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமையில் வரும். சிக்கல் என்னவென்றால், பாரிசின் சிறு பிஸ்ட்ரோக்கள் பல ஆகஸ்டில் மூன்று நாலு வாரம் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்விடும், கதவில் திறக்கும் தேதியை எழுதிய தாள் மட்டும் ஒட்டியிருக்கும். இருபது இருக்கை உள்ள கடைக்குள் எட்டுப் பேர் முன்பதிவில்லாமல் நுழைவதும் நடக்கிற காரியமில்லை. எனவே இந்த ஒரு சமயத்தில் யோசிக்காமல் புய்யோனுக்குப் போங்கள். கூடம் பெரிது, பிள்ளைகளின் சத்தம் பொதுச் சத்தத்தில் கரைந்துவிடும்.

நம் கடைகள் வரிசையாக இருக்கிற ஃபோபூர் சான்தெனித் தெருவின் தெற்குக் கோடியில்தான் புய்யோன் ஜூலியன் இருக்கிறது, எண் 16. லாச்சப்பலில் பூவும் கற்பூரமும் வாங்கிய கையோடு, அதே தெருவில் நேரே இறங்கினால் அரைமணி நேரத்துக்குள் நடந்துவிடலாம். தேரன்று மச்ச மாமிசம் தொடாதவர்கள் மறுநாள் திங்கட்கிழமை போகலாம். பக்கத்து பிஸ்ட்ரோக்கள் பூட்டிக் கிடந்தாலும் அங்கே அடுப்பு எரியும்.